எலுமிச்சை மரத்துக் கூடு

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஊரில் இருந்த மூன்று பல் மருத்துவர்களும் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பதோடு சரி. பல்லைச் செய்து கொடுப்பவள் அவள். அவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அக்ரிலிக்கில் வார்த்து, மெருகேற்றி, சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவாள். கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அது தன் கை வேலையா வேறு ஊர் வேலையா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

வீடு மாமனார் கட்டியது. அவர் போகும்போது முன்பாதியை மகனுக்கும் பின்பாதியை மகளுக்கும் எழுதிவிட்டு, பக்கவாட்டில் கிடந்த தோட்டத்தை மட்டும் 'இருவருக்கும் பொது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரி செய்த வேலையை நாலு வக்கீல்கள் சேர்ந்தாலும் செய்திருக்க முடியாது.

மகன், அதாவது பல்லக்காவின் கணவர், பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நிமிடம் பிசகாமல் எழுதுகிற மனிதர், வீட்டில் மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னதே கிடையாது. மகள், பல்லக்காவின் நாத்தனார், நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த நாலைந்து பேரையும் அவரே வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர். பின்பாதி வீட்டில் தனியாக இருந்தார். தன் பழைய தட்டச்சு இயந்திரத்தோடு இருந்தார் என்று சொல்வதுதான் சரி.

இரண்டு பெண்களும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாள், "இவ வேலை செய்யற ரூம் பக்கம் போனாலே செத்தவங்க பல்லு நாத்தம் அடிக்குது" என்றார் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். பல்லக்கா தட்டை வைத்துவிட்டு, "அந்த நாத்தம் பிடிச்ச ரூம்ல செஞ்ச பல்லுலதான் அண்ணி இப்ப மென்னுக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அதுவரை அது பல்செட் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு நேர்த்தியான வேலை. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாசல்தான்.

அதன் பிறகு நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கதவிடுக்கு வழியாகத் தாள் வரும். மேலே தேதி, அதன் கீழே 'பொருள்', அதற்கும் கீழே எண் போட்ட வரிகள். 'பொருள்: குழாயடியில் சிந்தும் பிளாஸ்டர்.' 'பொருள்: துணி உலர்த்தும் கொடியின் நீளம்.' பல்லக்கா பதில் எழுதமாட்டாள். படித்துவிட்டு, அதே தாளில் மெழுகு துடைப்பாள்.

குளவிகள் வந்தது ஒரு கோடையின் தொடக்கத்தில். பல்லக்கா வேலை செய்யும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அது தோட்டத்தைப் பார்த்து இருந்தது. அந்த ஜன்னலை அவள் எப்போதும் திறந்துதான் வைப்பாள். அக்ரிலிக் தூளைக் கரைக்கும் திரவத்தின் நெடி அப்படிப்பட்டது, மூடிய அறையில் அரைமணி நேரம் இருந்தால் மண்டை இரண்டாகப் பிளக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே எலுமிச்சை மரம். அதன் நடுக் கிளையில் விரல் நுனி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்குவதை ஒரு நாள் பார்த்தாள். காய்ந்த இலை என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் அது கவிழ்த்த கிண்ணம் போலாகிவிட்டது. அதன்மேல் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒல்லி இடுப்பும் மஞ்சள் கோடுமாக இருபது முப்பது குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஏங்க, அத எடுத்துப் போடச் சொல்லி யாரையாவது கூப்பிடுங்க" என்றாள் கணவரிடம்.

"பாக்கலாம்" என்றார் டைம்கீப்பர். அவர் பாக்கலாம் என்றால் அது அக்காவிடம் போகும் என்று அர்த்தம். மறுநாள் காலை தாள் வந்துவிட்டது.

'பொருள்: எலுமிச்சை மரத்துக் குளவிக்கூடு. 1. மேற்படி மரம் என்னால் நடப்பட்டது. 2. குளவிகள் என் கத்தரி, தக்காளிச் செடிகளின் புழுக்களைத் தின்கின்றன. 3. மரம் பொதுநிலத்தில் இருப்பதால் என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இன்றி எவரும் கூட்டைத் தொடக்கூடாது. 4. சம்மதம் அளிக்கப்படமாட்டாது.'

"நாலாவது பாயிண்ட்டு தேவையே இல்ல" என்றாள் பல்லக்கா. "மூணாவதிலேயே புரிஞ்சிடுச்சு."

"கொஞ்ச நாளைக்குத்தானே. அதுங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அதுகள் தங்கள் பாட்டுக்கு இருக்கவில்லை. ஒன்றிரண்டாக ஜன்னல் வழியே உள்ளே வரத் தொடங்கின. மெழுகின்மேல் உட்கார்ந்தன. பிளாஸ்டர் கிண்ணத்து விளிம்பில் நின்று தண்ணீர் குடித்தன. ஒரு நாள், பாதி நட்ட மேல்வரிசையை அவள் கையில் எடுத்தபோது அதற்கு அடியில் இருந்த ஒன்று கட்டைவிரல் அடியில் கொட்டியது. கை முழங்கை வரை வீங்கியது. மெழுகுக் கத்தியைப் பிடிக்க நாலு நாளாயிற்று. மூன்று மருத்துவர்களும் மாறி மாறிப் போன் போட்டார்கள். பல்லில்லாமல் காத்திருந்தவர்களில் ஒருவர் நேரிலேயே வந்து வாசலில் நின்று, பொக்கை வாயால் அவளைத் திட்டிவிட்டுப் போனார். என்ன திட்டினார் என்று புரியாததுதான் மிச்சம்.

இரண்டாவது முறை கழுத்தில். அது வேறு மாதிரி இருந்தது. ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்தது, உதடு மரத்தது, மூச்சு உள்ளே போக மறுத்தது. அவள் நடந்தே தெருமுனைக்குப் போய் ஒரு ஆட்டோவில் விழுந்தாள். மருத்துவமனையில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, மாலை வரை படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண்தான். ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இனிமே கொட்டினா இத விட மோசமா வரும். உங்க வீட்டுத் தோட்டத்துல கூடு இருக்குன்னு சொல்றீங்க. ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க போகணும். இந்த ஊசி மருந்து எப்பவும் கை எட்டற தூரத்துல இருக்கட்டும்."

டைம்கீப்பர் அன்று முதல்முறையாகப் பயந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போனார். பல்லக்கா படுக்கையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர் ஒன்றும் அவ்வளவு தடிமனானதல்ல.

"அக்கா, டாக்டரே சொல்லிட்டாங்க. அடுத்த தடவ உசுருக்கே ஆபத்தாம்."

"அதெல்லாம் நாடகம். எனக்குக் கூட ரெண்டு தடவ கொட்டியிருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

"உனக்கு வேற, அவளுக்கு வேறக்கா."

"ஆமா, எல்லாத்துலயும் அவளுக்கு வேறதான். நான் எழுதினது எழுதினதுதான். போ."

அவர் திரும்பி வந்து, "அக்காவுக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்கு. யோசிக்கிறேன்னு சொன்னாங்க" என்றார். பல்லக்கா அவரையே பார்த்தாள். "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவளே விசாரித்து, பூச்சி மருந்து அடிக்கும் ஆள் ஒருவரை வரவழைத்தாள். முதுகில் டப்பாவும் முகத்துக்கு வலையுமாக வந்தவரை, தோட்டத்துக் கேட்டிலேயே நாத்தனார் நிறுத்திவிட்டார். கையில் மாமனார் எழுதிய பத்திரத்தின் நகல், 'பொது' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. மனிதர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஜன்னலில் நின்ற பல்லக்காவைப் பார்த்தார்.

"குளவிய நான் சமாளிச்சிடுவேன்மா. இத என்னால முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

அதன் பிறகு பல்லக்கா ஜன்னலை மூடினாள். கோடை. மின்விசிறி நெடியைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தெருவாசலுக்குப் போய் மூச்சு விட்டுவிட்டு வருவாள். கண் எரிந்தது, தலை வலித்தது, சாப்பாடு பிடிக்கவில்லை. கோபத்துக்கு மட்டும் வேளாவேளைக்குப் பசித்தது. கண்ணாடிக்கு வெளியே குளவிகள் வந்து முட்டிக்கொண்டே இருந்தன. தோட்டம் அவ்வளவு பெரியது, பூ இருக்கிறது, குழாயடி இருக்கிறது. இதுகளுக்கு இந்த ஜன்னலில் அப்படி என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன் கொஞ்சம் வேலையை முடிக்கலாம் என்று அறைக்குள் வந்தாள். விளக்கைப் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை குனிந்து நிமிர்ந்தது. நாத்தனார். கையில் ஒரு டம்ளர். ஜன்னலுக்கு நேர் கீழே, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவில் எதையோ ஊற்றிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனார்.

அவர் உள்ளே போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பல்லக்கா முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போனாள். இலைகளை விலக்கினாள். ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் சர்க்கரைத் தண்ணீர், மிதக்கும் பழத் துண்டுகள். தட்டின் ஓரத்தில் பழைய பாகு காய்ந்து தடிமனாக ஒட்டியிருந்தது. இன்று நேற்று வைத்த தட்டல்ல அது.

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம்கூட வரவில்லை. பிடிவாதம் வேறு, வீம்பு வேறு, இது வேறு. டாக்டர் சொன்னது காதில் விழுந்த பிறகும் ஒரு மனுஷி விடியற்காலையில் எழுந்து, சர்க்கரை கரைத்து, பழம் நறுக்கி, அதை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை மனதுக்குள்கூடச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அக்காவிடம் போவார், திரும்பி வந்து ஒரு பொய் சொல்வார், அந்தப் பொய்யை வேறு அவள் சுமக்க வேண்டும். தட்டைச் சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கினாள். வீட்டைச் சுற்றி நடந்தாள். நாத்தனாரின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கல் விளிம்பு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில், காலித் தொட்டிக்குப் பின்னால், தட்டை வைத்துவிட்டு வந்து பல் துலக்கினாள்.

மறுநாள் அங்கே தட்டைக் காணவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. பல்லக்கா அதை மறுபடி கல் விளிம்புக்கு மாற்றினாள். இந்த முறை கொஞ்சம் தேனும் விட்டாள். இப்படி ஐந்து நாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தாள்கூட வரவில்லை. தட்டு மட்டும் போய்ப் போய் வந்தது.

ஆறாம் நாள் மதியம் பின்பக்கத்தில் ஒரு அலறல். பாத்திரம் விழும் சத்தம், அதைத் தொடர்ந்து வேறு ஏதோ உடையும் சத்தம். டைம்கீப்பர் அன்று வாரவிடுமுறையில் இருந்தார். சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடினார். அரைமணி கழித்து வந்தபோது அவர் கையில் ஒரு கைக்குட்டை மடிப்பு.

"அக்காவுக்கு மேலுதட்டுல கொட்டிடுச்சு. முகமெல்லாம் பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு. வலி தாங்காம செட்டைக் கழட்டியிருக்காங்க, கை தவறித் தொட்டியில விழுந்து..." மடிப்பைப் பிரித்தார். கீழ்வரிசை இரண்டு துண்டு. மேல்வரிசையில் முன்பல் மூன்று காணோம்.

பல்லக்கா துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுடைய பழைய வேலை. பதினோரு வருடத்து உழைப்பு பற்களில் தெரிந்தது.

"ஒட்டிக் குடுத்திடு. பாவம், ஒண்ணும் சாப்பிட முடியல" என்றார்.

"இது ஒட்டினா நிக்காது. ஈறு தேஞ்சு போயிருக்கும், ஒட்டினாலும் பொருந்தாது. புது அச்சு எடுக்கணும்."

"எடு, அதனால என்ன."

"அச்சு எடுக்க வாய் வேணும். வாய் இங்க வரணும்."

வாய் வரவில்லை. மாறாக, கதவிடுக்கில் தாள் வந்தது. 'பொருள்: பல்செட் பழுது.' பல்லக்கா படிக்காமலே அதை வந்த இடுக்கு வழியாகத் திருப்பித் தள்ளினாள். வீக்கம் வடிந்ததும், துண்டால் வாயை மூடிக்கொண்டு நாத்தனார் பஸ் ஏறி ஒரு பல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவர் முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, நான் எடுத்தாலும் வேலை உங்க வீட்டுக்குத்தான் போகும். அவங்களுக்கு என்னைவிட நல்லா அச்சு எடுக்கத் தெரியும். வீட்டுலயே வச்சுக்கிட்டு எதுக்கு அலையறீங்க?" இரண்டாவது மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். மூன்றாமவரிடம் நாத்தனார் போகவில்லை. பாலில் ஊறிய ரொட்டியும் மசித்த உருளைக்கிழங்குமாக ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாள் காலை, கணவர் டிப்போவுக்குப் போன பிறகு, அறை வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனார். துண்டு வாயில். கன்னம் இரண்டும் உள்ளே போய், ஒரேயடியாகப் பத்து வயது கூடியிருந்தது. பல்லக்கா நாற்காலியைக் காட்டினாள்.

அச்செடுக்கும் பச்சைத் தூளைத் தண்ணீரில் குழைத்தாள். அது கெட்டியாவதற்குள் வேலை முடிய வேண்டும். நேரம் மட்டாகத்தான் இருக்கும். தாடை வடிவில் வளைந்த ட்ரேயில் நிரப்பி, "வாயத் தொறங்க" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல். நாத்தனார் திறந்தார். ட்ரேயை உள்ளே வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"மூக்கால மூச்சு விடுங்க. மூணு நிமிஷம். அசையக் கூடாது, பேசக் கூடாது. பேசினா அச்சு கெட்டுடும்."

நாத்தனார் கண்ணை மூடித் திறந்தார்.

"தட்டு வச்சத நான் பாத்தேன் அண்ணி" என்றாள் பல்லக்கா.

நாத்தனாரின் கண்கள் விரிந்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"அசையாதீங்க. உங்க தம்பி வந்து சொன்னத நீங்க கேட்டீங்க. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என் ஜன்னலுக்கு அடியில தினம் போட்டீங்க. எனக்கு மூச்சு நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அதுக்கும் ஒரு பொருள் போட்டு டைப் அடிச்சிருப்பீங்களா? நான் இத யார்கிட்டயும் சொல்லல. உங்க தம்பிகிட்ட கூட. உங்களுக்காக இல்ல. அந்த மனுஷன் தாங்கமாட்டாரு. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. நான் வேற என்ன சொல்லணும்னு நினைச்சேன்னு மறந்துபோச்சு. ஆறு வருஷமா சேத்து வச்சது, இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது."

மீதி நிமிடமும் பல்லக்கா ட்ரேயை அழுத்திப் பிடித்திருந்தாள். நாத்தனாரின் மூக்கு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. கடைவாயில் எச்சில் வழிந்தது. பல்லக்கா பஞ்சால் துடைத்தாள், வேறு யாருக்கானாலும் எப்படித் துடைப்பாளோ அப்படித்தான்.

ட்ரே வெளியே வந்ததும் நாத்தனார் வாய் கொப்புளித்தார். பல் இல்லாத வாயில் சொற்கள் வழுக்கின.

"ஆமா, வச்சேன்."

"ஏன்?"

"அதுங்க என் அடுப்படிக்கு வந்துச்சு. கூடு சின்னதா இருக்கறப்பவே வந்துச்சு. எனக்குப் பயம். சின்ன வயசிலேருந்தே பயம். எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன், இனிமே எப்படி எடுன்னு சொல்றது? அதான் அந்தப் பக்கம் இழுத்து விட்டேன்."

"தோட்டத்துக் கடைசியில வச்சிருக்கலாம். கேட்டுக்கு வெளிய வச்சிருக்கலாம்."

நாத்தனார் மறுபடி ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்புளித்துத் துப்பினார்.

"டாக்டர் சொன்ன பிறகும் வச்சீங்க."

"நான் அத நம்பல."

"நம்பியிருந்தா?"

நாத்தனார் துண்டை மடித்தார், பிரித்தார். "வச்சிருக்கமாட்டேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "நீயும்தான் என் ஜன்னல்ல வச்சே" என்றார்.

"உங்களுக்குக் கொட்டினா வீங்கும். எனக்குக் கொட்டினா பாடை. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு நான் சொல்லல. நீயும் வச்சேன்னு சொன்னேன்."

நீதிமன்றத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். பல்லில்லாத வாயிலும் அந்தப் பேச்சு போகவில்லை. பல்லக்காவுக்குக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கையில் ஈர அச்சு இருந்தது. கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கூடு போகணும். அது போற வரைக்கும் இதுல நான் பிளாஸ்டர் ஊத்தமாட்டேன். அச்சு காஞ்சு சுருங்கினா மறுபடி முதல்லேருந்து. அந்த மருந்தடிக்கிற ஆளோட நம்பர் இது. உங்க கையால போன் போடுங்க, இங்கேயே, என் முன்னாடி."

"எழுதிக் குடுக்கணுமா?"

"எழுத்தெல்லாம் போதும்."

நாத்தனார் போன் போட்டார். அந்த ஆளுக்கு அவர் சொல்வது பாதிக்கு மேல் புரியவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பல்லக்கா உதவிக்கு வரவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அந்த ஆள் வந்தார். குளவிகள் அடங்கியிருந்தன. ஏணியைச் சாய்த்துவிட்டு, "யாராவது டார்ச் பிடிக்கணும். ரெண்டு கையும் எனக்கு வேணும்" என்றார். கூடு கலையும் நேரத்தில் பல்லக்கா தோட்டத்தில் கால் வைக்க முடியாது. டைம்கீப்பருக்கு அன்று பார்த்து டிப்போவில் ஏதோ வண்டி வந்து சேரவில்லையாம். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று பல்லக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஏணிக்கு அடியில் போய் நின்று டார்ச்சை உயர்த்தினார். அந்த ஆள் மருந்தை அடித்து, கூட்டைத் தடித்த பைக்குள் கிளையோடு வாங்கிக் கத்தரித்தார். தப்பிய ஒன்று வெளிச்சத்தைத் தேடி இறங்கி வந்து நாத்தனாரின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. டார்ச் கீழே விழவில்லை. பையின் வாயைக் கட்டி முடிக்கும்வரை அப்படியே நின்றார். பிறகுதான் கையை உதறிக்கொண்டு உள்ளே போனார், ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

பல்லக்காவுக்கு மனது இளகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 'நல்லா வேணும்' என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்றிரவே, காயாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாள்.

ஒரு வாரம் வேலை. வாசல் கதவைப் போலத் திறந்து மூடும் இரும்புச் சட்டத்தில் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் பொருத்தி, நடுவில் நீலக் காகிதம் வைத்துத் தட்டிப் பார்ப்பாள். எங்கே அதிகம் நீலம் படுகிறதோ அங்கே பல் உயரம், உரச வேண்டும். இடது கடைவாயில் ஒரு பல் காகிதக் கனம் உயரமாக நின்றது. அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஈறில் ஊசி குத்தும். எங்கே குத்துகிறது என்று அவருக்கே தெரியாது. பல்லக்கா அந்த நீலப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். அப்படியே வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சாதம் கொதிக்கும்போதும் அந்தப் புள்ளி கண்ணுக்குள் இருந்தது. திரும்பி வந்து, கருவியை எடுத்து அதை உரசித் தள்ளினாள். இரக்கமெல்லாம் இல்லை. நாளைக்கு ஏதாவது ஒரு பல் மருத்துவர் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பல்லக்காவுக்குக் கை போய்விட்டது என்று சொல்லக்கூடாது.

நாத்தனார் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். கடித்தார். பக்கவாட்டில் அரைத்தார்.

"கீழ சரியா இருக்கு. மேலுதடுதான் கொஞ்சம் தூக்கலா தெரியுது."

"உங்க உதடு எப்பவும் அப்படித்தான்."

நாத்தனார் கண்ணாடியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை. "நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு எதிர்பாக்கறியா?"

"கேட்டா அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?" என்றாள் பல்லக்கா, மேசையைத் துடைத்துக்கொண்டே. "தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் வச்சிடலாம். மரம் உங்க பக்கம். குழாய் என் பக்கம்."

"குழாய் எப்படி உன் பக்கம் போகும்?"

"சரி, ஆளுக்கொரு குழாய்."

நாத்தனார் எழுந்தார். "வச்சிடலாம்" என்றார்.

அன்று மாலை செய்தி கேட்ட டைம்கீப்பர் இடிந்து போனார். "அப்பா பொதுன்னு எழுதி வச்சாரே. அவர் ஆசைப்பட்டது ரெண்டு பேரும் சேந்து..." என்று பின்வாசலில் நின்று தொடங்கினார். உள்ளிருந்து அக்காவும் பின்னாலிருந்து மனைவியும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தார்கள். மிச்சத்தை அவர் மென்று விழுங்கிவிட்டார்.

கொத்தனார் வந்து நூல் கட்டினார். இரண்டு பெண்களும் நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள், அன்றைய வேலை முடியும் வரை நகரவில்லை. நாலு வரிசைக் கல் ஏறியதும் அவர் கரண்டியை நிறுத்தி, "எவ்வளவு உயரம்மா?" என்று கேட்டார்.

"ஆள் உயரம்" என்றார் நாத்தனார்.

"யாரு ஆள்? என் உயரமா, உங்க உயரமா?" என்றாள் பல்லக்கா. நாத்தனார் அவளைவிட ஒரு சாண் கூடுதல்.

"என் உயரம்."

"உங்க உயரம்னா நீங்க எட்டிப் பாக்கலாம், நான் பாக்க முடியாது. அதெல்லாம் ஒத்துவராது. உங்க உயரத்துக்கு மேல ரெண்டு கல்லு."

"வெளிச்சம் வராது. என் செடி என்ன ஆகறது?"

"ஒரு கல்லு."

கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் சுவரை ஒட்டி நேராக நின்றார். கொத்தனார் அவர் பக்கத்தில் ஒரு கம்பை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கல் அளவு விட்டு, அதில் கரியால் கோடு போட்டார்.

மூன்றாம் நாள் பூச்சு முடிந்தது. பல்லக்கா ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, அக்ரிலிக் திரவத்தின் மூடியைத் திருகினாள். வெளியே ஈரச் சிமெண்ட் வாசனை. மரத்தின் உச்சியைத் தவிர நாத்தனார் பக்கம் எதுவும் தெரியவில்லை. பத்தடி தள்ளிச் சாம்பல் நிறத்தில் சுவர் மட்டும் நின்றது. அவளுக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மேல்வரிசை காத்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.